நூறு மில்லி

ஆ புய் என்றால் ஹொக்கியனில் குண்டு.
கூண்டைத் திறந்தபோது வெளியே வந்தது
இரண்டு கிலோ எழுநூறு கிராம்.
அதில் பாதி முதுகெலும்பு.

பதினாறு வயது இருக்கலாம், பதினெட்டும் இருக்கலாம் என்றார்
காப்பகத்து ரொஹாயா.
பல் மூன்று. இடக்காதின் நுனி வெட்டியிருந்தது.
வளர்த்த கிழவர் ஈசூனில் இறந்து
நான்கு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்களாம்.
அந்த நான்கு நாளும் என்ன தின்றது என்று
நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

குட்டிகள் இருக்கே, பார்க்கலையா?
பார்த்தேன். ஒன்பது பஞ்சுருண்டைகள்.
எல்லாவற்றுக்கும் ஆள் வரும்.

கிளினிக்கில் மருந்துப் பைமேல் ஒட்டியிருந்தார்கள்:
ஆ புய் தில்லைநாயகம்.
பூனை குறுக்கே போனால்
வீடு திரும்பி, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து
அப்புறமே கப்பல்பட்டறைக்குக் கிளம்பிய
என் அப்பாவின் பெயர்
பூனையின் ரத்தக்கொதிப்பு மாத்திரைமேல்.
கால் துண்டு. காலையில். உணவோடு.

டாக்டர் குவெக் தாளில் இரண்டு அவரைவிதை வரைந்தார்.
ஒன்றை அடித்தார்.
மற்றதில் ஓர் ஓரம் மட்டும் பென்சிலால் தீட்டி
இவ்வளவுதான் மிச்சம் என்றார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் நூறு மில்லி.
சட்டை ஹேங்கரில் உப்புநீர்ப் பை,
ஹேங்கர் ஜன்னல் கம்பியில்,
கம்பிக்கு வெளியே வலை,
வலைக்கு வெளியே பன்னிரண்டு மாடி ஆகாயம்.
தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரமாய்த் தூக்கி
குத்தினேன்.
முதல் தடவை ஊசி மறுபுறம் வெளியே வந்து
நூறு மில்லியும் என் நைட்டிக்கு.
இரண்டாம் தடவை என் கட்டைவிரல்.
மூன்றாம் தடவை உள்ளே போனது.
திரும்பிப் பார்த்தது,
வரிசையில் முந்தியவளைப் பார்ப்பதுபோல.

முதுகில் ஒரு திமில் முளைக்கும்.
மெல்ல வழுக்கி முன்னங்காலில் தங்கி
ராத்திரிக்குள் காணாமல் போகும்.
விடிந்ததும் மணல்தட்டில்
கட்டிகளாய் அதை எண்ணுவேன்.
நான்கு நல்லது.
ஆறு கவலை.
ஒன்றுமே இல்லையென்றால் டாக்ஸி.

தமிழ் தெரியாத பூனை ஆயிற்றே என்று
பத்தாம் மாடி மேடம் கோவிடம் பாடம் கேட்டேன்.
லாய், லாய். வா, வா.
சியா பா புவே? சாப்பிட்டாயா?
ஏழு வாரம்.
அடுப்படியில் நின்று கூப்பிடுவேன்,
கோணல் நடை நடந்து வந்துவிடும்.
என் உச்சரிப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

அடுத்த பரிசோதனையில்
டாக்டர் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினார்.
வெட்டிய காதும் அசையவில்லை, வெட்டாத காதும்.
எப்போதோ போயிருக்கும் என்றார்.

வந்ததெல்லாம் மீன் வாசனைக்கு.

அன்றிலிருந்து தமிழிலேயே திட்டுகிறேன்.
மின்கட்டணம், ஏழரை மணி ரயில் கூட்டம்,
விடுப்புக் கடிதத்தை இரண்டு முறை திருப்பிய மேலாளர்.
என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது,
உள்ளேயிருந்து ஏதாவது விழும் என்று.

இத்தனை வெள்ளிக்கு பேங்காக் போய் வந்திருக்கலாமே என்கிறாள்
பக்கத்து மேசை குணவதி.
எத்தனை நாளைக்கு இருக்கும்?
வீட்டுக் கடன் இன்னும் பத்தொன்பது வருஷம்.
அதற்கு நான் இருப்பேனா என்று
வீவகவும் கேட்கவில்லை, வங்கியும் கேட்கவில்லை.

போன ஞாயிறு தராசில் இரண்டு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது.
மின்தூக்கிக்குக் காத்திராமல் இரண்டு மாடி இறங்கி ஓடிச் சொன்னேன்.
மேடம் கோ சிரித்தார்:
ஆ புய்!

இந்த ஞாயிறு எண்பது கிராம் குறைவு.
சாப்பிடாமல் கிண்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது,
வேறு யாருக்கோ காவல் இருப்பதுபோல.
சுடுதண்ணீரில் கரைத்து, விரலில் தடவி,
நக்கியது, ஒரு விரல், இரண்டு விரல்.

ஊசி ஐந்துதான் மிச்சம்.
தனித்தனியாகவும் தருவோம் என்றாள் கவுண்டர் பெண்,
என் முகத்தைப் பார்க்காமல்.
டப்பாவாக வாங்கினால் விலை குறைவு, ஆனால் அதில் நூறு இருக்கும்.

டப்பாவாகவே கொடு என்றேன்.